மூன்று புள்ளி ஒன்று

எங்கள் ஆய்வு நிலையத்தில் எது தொலைந்தாலும் தரவு தொலையாது என்று பன்னிரண்டு வருடம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். குடை தொலையும், செருப்பு மாறிப்போகும், குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதி வைத்த தயிர்கூட யாராவது ஒருவர் வயிற்றுக்குள் போய்விடும். ஒகுமி ஏரியின் ஒரு நாள் கணக்கு மட்டும் எங்கேயும் போகாது. நிலையத்தில் ஒரு பிரதி, மாகாணத் தலைநகரில் ஒரு பிரதி, இங்கே நிலநடுக்கம் வந்தாலும் அங்கே வராது என்ற நம்பிக்கையில் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இன்னொரு பிரதி. இங்கே ஒரு எழுத்து மாறினால் மறுநாளே மற்ற இரண்டு இடத்திலும் அதே எழுத்து மாறும்படி நானே நிரல் எழுதியிருந்தேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பிள்ளை பெற்றவள் மாதிரி காட்டுவேன்.

என் பெயர் செரிஸாவா. நிலையத்தில் நாங்கள் ஆறு பேர். தலைவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் மாற்றலாகிப் போவார். புதிதாக வருகிறவர் ஏரி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு வருவார். தரவுக் காப்பாளர் பதவிக்கு மாற்றல் கிடையாது, ஏனென்றால் அந்தப் பதவி ஒன்று இருப்பதே மேலிடத்துக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஏரியை முப்பத்தேழு வருடம் அளந்தவர் தொகாஷி சான். ‘சான்’ எங்கள் ஊரில் பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. ஷோவா ஐம்பதில், அதாவது 1975இல், வேலைக்கு வந்தவர். புயல் நாள் தவிர தினமும் காலையில் படகில் போய், தொண்ணூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வருவார். அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நிறம் போகிறது என்று எண்ணி, அடித்தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவார். அந்த எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம்தான் இருக்கும்.

“இன்னும் நுணுக்கமா எழுதக் கூடாதா?” என்று நான் ஒருமுறை சீண்டினேன்.

“ஒரு சொட்டுக்கு ஒரு இலக்கம். அரைச் சொட்டு விழறதைப் பாத்திருக்கீங்களா நீங்க? பாக்காததை எழுதினா அதுக்குப் பேரு அளவு இல்ல” என்றார்.

ஏரிக்கு வருடத்தில் ஒரு தடவைதான் மூச்சு. குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடிக்குப் போகும். போகும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். மீனவர்கள் ‘ஏரி மூச்சு வாங்கியாச்சு’ என்பார்கள். ஹெய்செய் ஐந்தாம் ஆண்டு, அதாவது 1993இல், குளிர்காலம் குளிரவே இல்லை. மார்ச் பதின்மூன்றாம் தேதி, பத்துக்கு மேல் இருக்க வேண்டிய அளவு மூன்று புள்ளி ஒன்று என்று வந்தது. தொகாஷி மூன்று முறை திரும்ப அளந்தார். மூன்று முறையும் அதுவேதான்.

அப்போதிருந்த தலைவர், கை நடுங்கியிருக்கும் என்று சொல்லி, அறிக்கையில் முத்திரை வைக்க மறுத்துவிட்டார். தொகாஷிக்குப் பொறுக்கவில்லை. நேராக மீனவர் சங்கத்துக்குப் போய், “அடியில மூச்சு இல்லை. இந்த வசந்தத்துல ஹிமேமாசு மீன் குஞ்சு விடாதீங்க, எல்லாம் செத்துரும்” என்று கெஞ்சினார். சங்கம் முனகிக்கொண்டே கேட்டது. குஞ்சுகள் பக்கத்து ஏரிக்குப் போயின. மீன் விடவில்லை, அதனால் மீன் சாகவும் இல்லை. அடுத்த குளிர்காலம் எலும்பை உறையவைத்தது, ஏரி நன்றாக மூச்சு வாங்கியது. ஆக, தொகாஷி சொன்னது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பிடிக்க மீன் இல்லாத இரண்டு பருவங்கள்தான். சங்கத்துக் கன்னோவின் ஒரே மகன் அந்த வருடம் வலையை விட்டுவிட்டு நகரத்துக் கார்த் தொழிற்சாலைக்குப் போனான், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து கன்னோ, தொகாஷியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மூணு புள்ளி ஒண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். கடையிலும் அப்படித்தான், கோயில் வாசலிலும் அப்படித்தான். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது.

அந்த எண்ணுக்கு ஒரே சாட்சி நோட்டுதான். நோட்டு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹெய்செய் இருபத்து நான்கு, அதாவது 2012, டிசம்பரில், தொகாஷி வேலையிலிருந்து நிற்கும் வருடம், முப்பத்தேழு நோட்டையும் கணினியில் ஏற்றி முடித்தேன். ஒவ்வொரு எண்ணையும் ஒரு வெளி நிறுவனத்தில் இரண்டு பேரைக்கொண்டு தட்டச்சு செய்து, ஒப்பிட்டு, பிழை தீர்த்து, ஒரு நாளுக்கு ஒரு கோப்பு என்று அடுக்கினேன். நோட்டுகளை வைத்திருக்க வேண்டிய காலக்கெடு ஏற்கெனவே முடிந்திருந்தது. ஆண்டு முடியும்போது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற பெருந்துப்புரவு அன்று, பழைய காகிதத்தைக் கரைத்துக் கூழாக்கும் லாரி வாசலில் நின்றது. ஒழிப்புப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு பேரும் தங்கள் பெயர் முத்திரை வைக்க வேண்டும். ஆறாவது தொகாஷி. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“செரிஸாவா சான், இதுல ஒரே ஒரு நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? ஹெய்செய் அஞ்சு.”

“தொகாஷி சான், அது அரசாங்க ஆவணம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

“மூணு இடத்துல பத்திரமா இருக்கு. காகிதத்தைவிட உறுதி. தீப் பிடிக்காது, எலி கடிக்காது.”

“எலி கடிக்காதுன்னா சரிதான்” என்று சிரித்துக்கொண்டே முத்திரையை வைத்தார். அது கோணலாக விழுந்தது. படிவம் அசிங்கமாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருடம் ஏரியில் மிதவை வந்தது. படகும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். கருவி தானே அளந்து, தானே அனுப்பும். பழையதும் புதியதும் ஒரே வரிசையாக இருக்கட்டும் என்று மிதவையின் கோப்புகளும் அதே இடத்தில், அதே மாதிரிப் பெயரில் சேரும்படி செய்தேன். சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இந்த வருடம் உசாமி என்ற இளம் ஆய்வாளர், தெற்கே பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினார். உலகம் முழுக்க ஏரிகள் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டிருக்கின்றன, இது எப்போது தொடங்கியது என்று பார்க்கிறார்கள், உங்களிடம் இருப்பது போல நீண்ட கணக்கு எங்கேயும் இல்லை, ஹெய்செய் முடிந்த 2019 வரைக்கும் உள்ளதைப் பொதுத் தரவகத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிந்தைய வருடங்கள் மாகாணத்தின் இணையப் பக்கத்திலேயே இருந்தன. நான் துள்ளிக் குதித்தேன். தரவகத்தில் ஒன்றை வைத்தால் அதற்கு நிரந்தர எண் கிடைக்கும். நூறு வருடம் யாராலும் எடுக்கவோ மாற்றவோ முடியாது. அப்படித்தான் வேண்டும் என்று நானே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அக்டோபரில் எங்கள் நிலையத்தை ஊரார் வந்து பார்க்கும் திறந்த நாள். வாசலில் பெரிய அண்டாவில் சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் கொதித்தன, ஊரே கிண்ணத்தோடு நின்றது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் தொகாஷியின் கணக்கைத் திரையில் காட்டுவது என்று முடிவு செய்தவள் நான். அவருக்கு எழுபத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் சுமந்த பட்டப்பெயரை அன்று இறக்கி வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முன்கூட்டியே அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே தோன்றவில்லை, அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் மேல்.

கன்னோ கிண்ணத்தோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். “என்ன விசேஷம்? மூணு புள்ளி ஒண்ணு கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு வந்திருக்காரு!”

“நான் சாகறதுக்குள்ள உன் வாயை அடைக்கணும்ல, அதுக்குத்தான்” என்றார் தொகாஷி.

“என் வாயில கிழங்கு இருக்கு. ஏற்கெனவே அடைச்சுத்தான் இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஹெய்செய் ஐந்து என்று தட்டினேன். கோடு ஜனவரியில் தாழ்வாகத் தொடங்கி, பிப்ரவரியில் ஏறி, மார்ச்சில் பத்தைத் தாண்டி நிமிர்ந்து நின்றது. ஏரி நன்றாக மூச்சு வாங்கியிருந்தது. எந்தக் குறையும் இல்லை.

சிரிப்பு நின்றது. கன்னோ எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். “மார்ச் பதிமூணு... பத்து புள்ளி ரெண்டு நாலு. யோவ், இது என்னய்யா?”

“தேதியைச் சரியாப் பாருங்க, செரிஸாவா சான்” என்றார் தொகாஷி.

பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது.

“முப்பது வருஷம்யா” என்றார் கன்னோ. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “என் பையன் போனது இதுக்காகத்தானா? ஏரி நல்லா இருந்திருக்கு. நீ சொன்னேன்னு நாங்க சும்மா உக்காந்திருந்தோம்.”

தொகாஷி எழுந்து நின்று, யாரைப் பார்த்தென்று இல்லாமல் குனிந்து வணங்கினார். அவருக்குப் பரிசாகக் கொடுக்க நான் அச்சடித்து வைத்திருந்த ஹெய்செய் ஐந்தின் தாள்கள் மேசையில் இருந்தன. அதை எடுத்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடவில்லை. எனக்கே அவர் மேல் கோபம். என் மூன்று பிரதிகள் பொய் சொல்லாது, கிழவர்தான் தப்பாக எண்ணியிருக்கிறார் என்று அந்தக் கணம் நான் முழுமனதாக நம்பினேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நவம்பர் ஏழாம் தேதி உசாமி தொலைபேசியில் வந்தார்.

“செரிஸாவா சான், ஒரு அல்ப சந்தேகம். கேக்கவே கூச்சமா இருக்கு.”

“கேளுங்க.”

“பழைய அளவெல்லாம் புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கத்தோட நிக்குது. ஹெய்செய் ஒண்ணு, மே மாசம் முதல் தேதியிலேர்ந்து திடீர்னு ரெண்டு இலக்கம். அப்ப ஏதாவது புதுக் கருவி வாங்கினீங்களா?”

“இல்லையே. ஹெய்செய் இருபத்தஞ்சு வரைக்கும் எல்லாம் தொகாஷி சான் கைதான்.”

“அப்படியா. ஹெய்செய் ஆறு, செப்டம்பர் ரெண்டாவது வாரத்துலேர்ந்து மறுபடியும் ஒரு இலக்கம்தான் வருது. அதான் ஒண்ணும் புரியல.”

செப்டம்பர் இரண்டாவது வாரம். நான் அவருக்குத் தரவை அனுப்பிய வாரம். தொலைபேசியை வைக்காமலே கடைசி ஐந்தாறு ஆண்டுகளின் மாதாந்திர அறிக்கைகளை எடுத்தேன். ரெய்வா ஐந்து, அதாவது போன வருடம், மார்ச் பதின்மூன்று: பத்து புள்ளி இரண்டு நான்கு.

எங்கள் நாட்டில் பேரரசர் மாறினால் ஆண்டுக்கணக்கும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். அரசு அலுவலகத்தில் அந்தக் கணக்குதான் செல்லும். கோப்புகளுக்கு நான் வைத்த பெயர் ஆண்டு, மாதம், நாள், அவ்வளவுதான். ஷோவாவில் ஐம்பது முதல் அறுபத்து நான்கு வரை, ஹெய்செய்யில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. ஒன்றோடொன்று மோதவில்லை, அதனால் யாருடைய ஆண்டு என்று எழுதவே இல்லை. பிறகு 2019இல் ரெய்வா வந்தது. அந்த மே மாதம் அலுவலகமே அமளிதுமளிப்பட்டது. படிவங்களில் அச்சாகியிருந்த ‘ஹெய்செய்’ என்ற சொல்லை அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே ‘ரெய்வா’ முத்திரை குத்தினோம். நானே நாலாயிரம் படிவத்துக்குக் குத்தினேன், கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. ஒரு படிவமும் விடவில்லை. கோப்பின் பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. மிதவை ரெய்வா ஒன்று, மே ஒன்றாம் தேதிக் கோப்பை அனுப்பியது. அதே பெயரில் ஏற்கெனவே இருந்த ஹெய்செய் ஒன்று, மே ஒன்று சத்தமில்லாமல் அழிந்தது. மறுநாள் இரண்டாம் தேதி, அதற்கு மறுநாள் மூன்றாம் தேதி. ஐந்தரை வருடமாக, நாளுக்கு ஒரு நாள் என்று ஏரி தன் பழைய நாட்களைத் தின்றுகொண்டிருந்தது. நான் எழுதிய நிரல் ஒரு நாள்கூடத் தவறாமல் அதே அழிவை மற்ற இரண்டு இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பழைய பிரதியை முப்பது நாள் வைத்திருந்து பிறகு துடைத்துவிடு என்றும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கே அதை நிறுத்தினேன். ஹெய்செய் ஆறு, நவம்பர் எட்டாம் தேதியிலிருந்து எல்லா நாளும் பிழைத்தன.

மிதவை பழுதான நாட்களில் பழைய கோப்பு தப்பியிருக்குமே என்று தேடினேன். ரெய்வா இரண்டில் நாலு நாள், நான்கில் இரண்டு நாள். ரெய்வா ஐந்தில் ஒரு நாள்கூட இல்லை. அந்த மார்ச் பதின்மூன்றாம் தேதி, மழையும் பனியும் கலந்து அடிக்க, படகில் போய் மிதவைக்கு மின்கலம் மாற்றியவளே நான்தான். ஒரு நாளும் இடைவெளி விழக் கூடாது என்று போனேன். அதற்குப் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள்.

தட்டச்சு செய்த நிறுவனம் மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் அன்றைக்குக் கொடுத்த சி.டி. வட்டத் தகடு ஒன்று என் இழுப்பறையின் அடியில், சூப் பொட்டலங்களுக்குக் கீழே கிடைத்தது. தகடு வாசிக்கும் கருவி நிலையத்தில் இல்லை, பாதுகாப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் நூலகத்தில் ஒன்று இருந்தது. ஷோவா ஐம்பது திறந்தது. ஐம்பத்தைந்து, அறுபது திறந்தன. நான் நூலகத்தில் உட்கார்ந்து வாய்விட்டு “வா, வா, வா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றோடு நின்றுவிட்டது. மீட்டெடுக்கும் நிபுணருக்கு அனுப்பினேன். அவர் தகட்டைப் பஞ்சில் சுற்றி, அழகான கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்.

தலைவர் ஹனாவாவிடம் சொன்னேன். முன்பு சாலைத் துறையில் இருந்தவர், நல்ல மனிதர். குழி விழுந்தால் தார் ஊற்றி மூடலாம் என்பதுதான் அவருடைய அனுபவம்.

“தப்பானதை எடுத்துட்டுச் சரியானதைப் போட்டுடலாமே?”

“சரியானது இல்ல, தலைவரே.”

“அப்போ தப்பானதையாவது எடுத்துடுங்க.”

“எடுக்க முடியாது. நூறு வருஷத்துக்கு யாரும் எடுக்க முடியாதபடிதான் வச்சிருக்கு.”

“யாரு அப்படி வைக்கச் சொன்னது?”

“நான்தான்.”

அவர் தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு எனக்கு ஒரு மாண்டரின் ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார் பாவம்.

உசாமிதான் ஒரு வழி சொன்னார். “அந்த ஆறு வருஷம் செல்லாதுன்னு குறிப்பு போட்டுடலாம். இன்னொண்ணு... அந்த நாளோட எண் தொகாஷி சானுக்கு ஞாபகம் இருக்குன்னு சொன்னீங்கள்ல? அவர் கைப்பட எழுதி முத்திரை வச்சுக் கொடுத்தா, அளந்தவர் சொன்னதுன்னு கூடவே சேத்துடலாம். அது அளவு ஆகாதுதான். ஆனா அதுவும் நூறு வருஷம் இருக்கும்.”

அந்தப் பேச்சு எனக்கு உயிர் கொடுத்தது. முப்பத்தொரு வருடம் ஊரே கேலி செய்து செய்து உருப்போட்டு வைத்த எண். அதை எந்தக் கோப்பு அழிக்கும்?

ஆனாலும் தகடு போய், கடிதம் வந்து, படிவம் தயாராகி நான் புறப்பட நவம்பர் கடைசி ஆகிவிட்டது. நடந்ததைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நேரில் போய்க் குனிந்து சொல்ல வேண்டிய விஷயத்தைத் தொலைபேசியில் சொல்வது மரியாதை இல்லை என்று தள்ளிப்போட்டேன். சாக்குத்தான், உண்மையில் பயம்.

நிலையத் தெரு முனைக் கடையில் கஷ்கொட்டை இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மத்தியானம் போனேன். தொகாஷியின் வீட்டு வராந்தாவில் சீமைப் பனிச்சைப் பழங்கள் தோல் சீவிக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் மனைவி யாசுகோ கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“இதே கடையில இவரும் மூணு பெட்டி வாங்கிட்டாரு. கன்னோ வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டுப் போறதுக்கு. முதல் ரெண்டு தடவை அவர் கதவையே திறக்கல. மூணாவது தடவை உள்ள கூப்பிட்டுச் சாக்கே மது ஊத்திக் கொடுத்தாராம். இந்தப் பழம்கூட அவர் வீட்டு மரத்துதான்.”

தொகாஷி உள்ளே கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசை மேல் நான் அச்சடித்த தாள்கள். மடித்த இடமெல்லாம் நைந்து, ஓரத்தில் பென்சில் குறிகளோடு இருந்தன.

நான் பாயில் கைகளை ஊன்றித் தலை தரையில் படும்படி குனிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பின் பெயர், ரெய்வா, மூன்று பிரதி, கூழாக்கிய நோட்டு, நான் கொடுக்க மறுத்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. “அந்தத் தாள்ல இருக்கறது உங்க எண்ணே இல்ல, தொகாஷி சான். போன வருஷம் மிதவை அளந்தது. நீங்க சொன்னது பொய்யாகல. நான்தான் தொலைச்சுட்டேன்” என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எந்திரிங்க, எந்திரிங்க” என்றார் அவர். “யாசுகோ, இவங்களுக்கு டீ கொடு. செரிஸாவா சான், நீங்க ரொம்ப நல்ல மனசுக்காரங்க.”

“மனசெல்லாம் இல்ல, நடந்தது இதுதான்.”

“எனக்குத் தெரியும். கிழவன் மனசு நோகுமேன்னு பழியை உங்க தலையில போட்டுக்கிறீங்க. நிலையத்துலேர்ந்து யாராவது இப்படி வந்து சொல்லுவாங்கன்னு யாசுகோகிட்ட சொல்லிட்டுதான் இருந்தேன். இல்லையாம்மா?”

“சொன்னாரு” என்றார் யாசுகோ.

“தொகாஷி சான், தயவுசெஞ்சு கேளுங்க. நான் ஆறுதலுக்குச் சொல்லல.”

“வேணாம். நான் தினமும் இதைப் படிக்கிறேன். முதல்ல எனக்கும் ஒத்துக்க முடியல. படிக்கப் படிக்கத் தெளிவாயிடுச்சு. அன்னிக்குக் காலையில மழையும் பனியும் சேந்து அடிச்சுது. கை மரத்துப்போய் குப்பி நழுவப் பாத்துச்சு. நான் ஏதோ தப்பாப் படிச்சிருக்கேன். முப்பது வருஷம் கன்னோவை எதிரியா வச்சிருந்தேன் பாருங்க. இப்பத்தான் அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறான்.”

மழையும் பனியும் சேர்ந்து அடித்தது என் பதின்மூன்றாம் தேதியில். திறந்த நாளுக்கு முன்பு, மின்கலம் மாற்றப் போன கதையைப் பெருமையாக அவரிடம் சொன்னவளும் நான்தான். அவருடைய பதின்மூன்றாம் தேதி குளிராத குளிர்காலத்தின் நாள். வெயில் அடித்தது என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இனி நான் என்ன பேசினாலும் அதை அவர் மரியாதைக்குச் சொல்கிற பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் உண்மையைச் சொல்லவும் பொய்யைச் சொல்லவும் குனிகிற குனிதல் ஒன்றுதான். கன்னோ வீட்டுப் பழங்கள் வேறு ஜன்னலுக்கு வெளியே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் அடித்துப் பேசி நம்பவைத்தால் அவருக்கு நான் என்ன மிச்சம் வைப்பேன் என்றும் தெரியவில்லை.

படிவத்தை அவரே பார்த்துவிட்டார். “இது என்ன, நான் எழுதித் தரணுமா?”

“உங்களுக்கு... ஞாபகம் இருக்கிற எண்ணை எழுதணும். அந்த நாளோடது. தாளைப் பாக்காம.”

“பாக்கவே வேணாம்.” தாள்களைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். யாசுகோ மூக்குக்கண்ணாடியும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தேழு வருடம் நோட்டில் எழுதிய அதே சதுரமான கையெழுத்தில் நிதானமாக எழுதினார். வாய் முணுமுணுத்தது. பிறகு முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்து அழுத்தினார். இந்த முறை கோணாமல் நேராக விழுந்தது.

“இந்தத் தடவை சரியா வச்சிருக்கேன் பாருங்க” என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். மார்ச் பதின்மூன்று, பத்து புள்ளி இரண்டு நான்கு. அரைச் சொட்டு விழுந்ததை ஒருநாளும் பார்த்திராத மனிதர், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதியிருந்தார்.